வெள்ளம் வடிந்த பிறகு

உடலென்னும் ஊர் – 17

கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் என் பெரியம்மாவுக்குத் தரைத்தள வீடு. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு, அடையாறு கரை புரண்டபோது அந்த வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட, பெரியம்மா பிழைத்தார். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு பட்ட பாட்டைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சேறு, கரண்ட் இல்லாத ராத்திரிகள், ஊறிப் புளித்த அரிசி மூட்டை, மாதக்கணக்கில் சுவரைவிட்டுப் போகாத ஈரம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவர் இறந்ததும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றில் ஆரம்பித்தது. இரண்டே நாளில் பிரஷர் இறங்கி, பேச்சு குழறி, ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். நேரத்தில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள், "கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். மத்திய கைலாஷில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். 18ஆம் நாள் நுரையீரலில் புதிதாக ஒரு தொற்று, வேறொரு கிருமி. 22ஆம் நாள் எல்லாம் முடிந்தது. முதல் கிருமியை ஜெயித்த உடம்பு அடுத்ததிடம் ஏன் தோற்றது என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

காலில் ஆணி குத்திச் சீழ் வைத்தால் "செப்டிக் ஆயிடுச்சு" என்போம். மருத்துவர்கள் சொல்லும் செப்சிஸ் அதைவிடப் பெரிய விஷயம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிதானம் இழந்து, தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் இதயத்தையும் சேர்த்தே சாய்த்துவிடுவது. 2016இல் வகுத்த உலகளாவிய வரையறையின் சாரம் இதுதான். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது 2020இல் லான்செட் இதழில் வந்த மதிப்பீடு. அந்த ஆண்டு உலகில் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

உடம்பின் கொந்தளிப்பை அடக்கிவிட்டால் போதும் என்று நம்பி 1990களில் மருந்து மேல் மருந்தாகச் சோதித்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ஹாட்ச்கிஸ் குழுவினர், செப்சிஸில் இறந்த 40 பேரின் மண்ணீரலையும் நுரையீரலையும் இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்த்தார்கள். கொந்தளிப்பின் சுவடு அங்கே இல்லை. எதிர்ப்பு செல்கள் குறைந்து, மிஞ்சியவை தூண்டினாலும் அசையாமல் கிடந்தன. 2011இல் வெளிவந்த ஆய்வு இது. வெள்ளத்தில் தப்பி, வடிந்த பிறகு போனவர்கள் அவர்களில் பலர்.

இங்கேதான் எதிர்ப்பு செல்களில் ஒருவகையான ஒழுங்குபடுத்தும் டி செல்கள் வருகின்றன. தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுபவை. சிடி4 வகை டி செல்களில் 100க்கு 5 முதல் 10 வரை இவைதான். சண்டை போடுவது இவற்றின் வேலையல்ல. "போதும், நிறுத்து" என்பது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். 2001இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும், பிறந்த சில வாரங்களிலேயே தன் உடம்பைத் தானே தாக்கி மடியும் ஒருவகை எலியிடம் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்ற அந்த மரபணுதான் இந்தச் செல்களை உருவாக்குகிறது என்பது பிறகு தெளிவானது. 2025 அக்டோபர் 6 அன்று மூவருக்கும் நோபல் பரிசு அறிவித்த செய்தியை, பெரியம்மா வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.  என் கேள்விக்கும் அங்கேயே பதில் தேடினேன்.

செப்சிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தச் செல்களின் விகிதம் கூடுவதை பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2003இல் கண்டார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் காரணத்தையும் சொன்னார்கள். இவை பெருகவில்லை, மற்ற டி செல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. தெருவே காலியான பிறகு காவலாளிகள் மட்டும் நின்றதுபோல. ஆனால் நிற்கிறவை சும்மா நிற்பதில்லை. இன்டர்லூகின்-10 போன்ற அடக்கும் ரசாயனங்களைச் சுரக்கின்றன. மற்ற செல்கள் வளரத் தேவையான இன்டர்லூகின்-2ஐத் தாங்களே உறிஞ்சிவிடுகின்றன. ஆஸ்பத்திரியிலேயே காத்திருக்கும் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம்.

அப்படியானால் இந்தச் செல்களை ஒழித்துவிடலாமே? எலிகளில் முயன்றார்கள். ஒழித்தும் பிழைப்பு கூடாத சோதனைகள் உண்டு. வெளியிலிருந்து இந்தச் செல்களை ஏற்றியதால் எலிகள் பிழைத்த சோதனையும் உண்டு. முதல் நாட்களில் இவை இல்லாவிட்டால் கொந்தளிப்பே கொன்றுவிடும். எந்த நாளில் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஆளுக்கு ஆள் பார்த்தாக வேண்டும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்" என்று பொடியும் லேகியமும் விற்பவர்கள் மீது எனக்கு வரும் கோபம் இதனால்தான். எதிர்ப்பாற்றல் ஏற்றிக்கொண்டே போகிற சரக்கல்ல.

எனக்கு நம்பிக்கை தருவது இன்டர்லூகின்-7. மற்ற டி செல்களை அது வளர்க்கும். ஒழுங்குபடுத்தும் செல்களுக்கோ அதைப் பிடிக்கும் ஏற்பிகள் குறைவு. பிரான்சிலும் அமெரிக்காவிலும் 27 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான சோதனையில் லிம்போசைட் (டி செல்கள் அடங்கிய வெள்ளையணு வகை) எண்ணிக்கை 3, 4 மடங்கு ஏறியது. உயிர் காக்குமா என்று சொல்ல 27 பேர் போதாது. ஆனால் வழி தெரிகிறது.

அதுவரை நம்மிடம் இருப்பது ஆன்டிபயாடிக்தான். அதற்கும் மசியாத கிருமிகளைப் பற்றி எச்சரித்து, இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012 ஆகஸ்டில் நம் ஊரில் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச்சில் அமலான எச்1 அட்டவணைப்படி, குறிப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளை விற்கும் மருந்துக்கடை தனிப் பதிவேடு வைக்க வேண்டும். சீட்டில்லாமல் சளிக்கு வாங்கி விழுங்கும் மாத்திரையின் கூலியை, எதிர்ப்பு செல்கள் ஓய்ந்து ஐ.சி.யூ.வில் கிடக்கும் யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

செப்சிஸ் கண்ட நான்காம் நாளிலும் லிம்போசைட் ஏறாதவர்களிடம் அடுத்த தொற்றும் மரணமும் அதிகம் என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று, பரணில் இருந்த பெரியம்மாவின் ஃபைலை இறக்கினேன். தினமும் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாள்கள் தேதிவாரியாக இருந்தன. ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய லிம்போசைட், நாங்கள் தேங்காய் உடைத்த அன்றும் 500ஐத் தாண்டவில்லை.

(தொடரும்)