ஸ்கார்ம்: பாடங்களுக்கு ஒரு பொது பிளக்

சென்ற மாதம் என் தங்கை ஒரு பென் டிரைவுடன் வீட்டிற்கு வந்தாள். வேதியியல் கற்பிக்கிறவள், அண்மையில்தான் வேறு கல்லூரிக்கு மாறினாள். "அண்ணா, மூன்று வருஷமாக நான் தயாரித்த கம்ப்யூட்டர் பாடங்கள் எல்லாம் இதில் இருக்கு. புதுக் கல்லூரி சர்வரில் ஒன்றுகூட ஏறமாட்டேன் என்கிறது. எல்லாம் போச்சா?" என்றாள்.

பென் டிரைவில் 14 ஸிப் பைல்கள் இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு போல்டர். அந்தப் போல்டருக்குள் 'ஐஎம்எஸ்மேனிபெஸ்ட் டாட் எக்ஸ்எம்எல்' என்ற பைல் தெரிந்தது. "போகவில்லை, இவை ஸ்கார்ம் பாடங்கள்" என்றேன்.

அது என்ன ஸ்கார்ம் என்று கேட்கிறீர்களா? மிக்ஸி வாங்கும்போது, 'இது எங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் பொருந்துமா?' என்று நாம் கேட்பதில்லை. எந்தக் கம்பெனி மிக்ஸியானாலும் பொருந்தும்படி ஒரு பொது அளவு இருக்கிறது. டிஜிட்டல் பாடங்களுக்கு அத்தகைய பொது அளவுதான் ஸ்கார்ம். 'ஷேரபிள் கன்டென்ட் ஆப்ஜெக்ட் ரெபரன்ஸ் மாடல்' என்பதன் சுருக்கம் இது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏ.டி.எல். என்ற திட்டம் இதனை உருவாக்கியது. ஒரு சாப்ட்வேருக்காகத் தயாரித்த பாடம் இன்னொன்றில் இயங்காததால், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பத் தயாரிக்க வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக 2000ல் முதல் பதிப்பு வந்தது. 2001ல் வந்த 1.2 பதிப்பும், அடுத்து வந்த ஸ்கார்ம் 2004 பதிப்பும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

எப்படி இயங்குகிறது?

ஸ்கார்ம் பாடம் என்பது ஒரு ஸிப் பைல். வெப் பக்கங்கள், படங்கள், ஒலி எல்லாம் அதில் இருக்கும். மேனிபெஸ்ட் பைல்தான் பொருளடக்கம். எந்தப் பாடம் முதலில், எந்த பைலைத் திறக்க வேண்டும் என்று பாட சர்வருக்குச் சொல்வது இதுதான்.

மாணவர் பாடத்தைத் திறந்ததும், அது பிரவுசர் வழியாக சர்வருடன் பேசத் தொடங்கும். 'ஆரம்பித்துவிட்டார்', 'மதிப்பெண் 80', 'முடித்துவிட்டார்' எனக் குறிப்பிட்ட கட்டளைகளில் தகவல் போகும். கட்டளைகள் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால், மூடில் போன்ற எந்த சாப்ட்வேரும் அதைப் புரிந்துகொள்ளும்.

அப்படியானால் தங்கையின் பாடங்கள் ஏன் ஏறவில்லை? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஸிப் பைல்களை விரித்தவள், பிறகு போல்டரோடு சேர்த்து மீண்டும் ஸிப் செய்திருக்கிறாள். மேனிபெஸ்ட் பைல் ஒரு படி உள்ளே போய்விட்டது. ஸிப்பைத் திறந்தவுடன் முதல் நிலையிலேயே அது இருக்க வேண்டும். போல்டருக்குள் நுழைந்து, எல்லா பைல்களையும் தேர்வு செய்து, மீண்டும் ஸிப் செய்தேன். அரை மணி நேர வேலை. 14 பாடங்களும் ஏறின.

ஆனால், 11 பாடங்கள்தான் ஓடின. மற்ற மூன்றில் தலைப்பு வந்தது. பாடம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவை பிளாஷ் அனிமேஷன்கள். அடோப் நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்றைய பிரவுசர்கள் அதைக் காட்டுவதில்லை. இங்கேதான் ஸ்கார்மின் எல்லை. பெட்டியின் அளவுக்கு அது உத்தரவாதம் தரும்; பெட்டிக்குள் இருக்கும் பொருள் கெடாது என்பதற்குத் தராது.

நீங்கள் பாடம் தயாரிப்பவரா? இவற்றை மனதில் கொள்ளுங்கள்.

1. ஸிப் பைல் மட்டும் போதாது. பாடத்தைத் தயாரித்த சாப்ட்வேரின் மூல பைலையும் தனியாக சேவ் செய்திடுங்கள். திருத்துவதற்கு அதுதான் வேண்டும்.

2. மூடிலுக்கு என்றால் 1.2 பதிப்பில் தயாரியுங்கள். ஸ்கார்ம் 2004ஐ அது முழுமையாக ஏற்பதில்லை.

3. மாணவர்களின் மதிப்பெண்கள் ஸிப்பில் இருக்காது. பழைய சர்வரிலேயே தங்கிவிடும். தேவையென்றால், அனுமதி பெற்றுத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்றால், அதைப் பாடத்திலேயே எழுதிவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதற்கென்றே உள்ளன. தொழில்நுட்பம் வழிவிட்டாலும் அனுமதி இல்லாமல் எடுத்தாள முடியாது அல்லவா?

2013ல் எக்ஸ்.ஏ.பி.ஐ. என்ற அடுத்த தரம் வந்தது. பிரவுசருக்கு வெளியே, மொபைல் ஆப் போன்றவற்றில் படிப்பதையும் இது பதிவு செய்திடும்.

அந்த மூன்று பாடங்களின் மூல பைல்கள் தங்கையிடம் இல்லை. பழைய நோட்டைப் பார்த்து மீண்டும் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த முறை, மூல பைல்களின் காப்பி ஒன்று என் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது.