இறைச்சிக்கும் காற்று வேண்டும்

காட்டுப்பன்றி இறைச்சி வந்திருக்கிறது என்றால் போதும், எங்கள் உறவினர்களின் வாட்சாப் குழு ஞாயிறு காலையிலேயே விழித்துக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் மாமா ஒருவர், கூறு போட்டுக் கிள்ளான்வரை கொண்டுவந்து கொடுப்பார். மிளகு எவ்வளவு, இஞ்சி எவ்வளவு என்று பேச எல்லாரும் தயார். அந்தக் கறி எந்தப் பையில், எத்தனை மணி நேரம் பயணம் செய்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வானொலியில் சமையலைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். மசாலாவுக்கு வரும் கேள்விகளில் கால்வாசிகூட இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றி வராது. ஆனால் கறி ருசிப்பதும் வயிற்றைக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்தப் பயணத்திலேயே முடிவாகிவிடுகிறது.

உயிருள்ள பன்றியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38, 39 பாகை செல்சியஸ். வேட்டையாடிய பிறகும் அந்தச் சூடு சதைக்குள் நெடுநேரம் தங்கும். வெட்டிய கறியைச் சூட்டோடு நெகிழிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்? சூடு வெளியேற வழியில்லை. பைக்குள் வியர்த்து, கறியின் மேல்பரப்பு ஈரமாகிறது. சூடும் ஈரமும் சேர்ந்த இடம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தொடை எலும்பை ஒட்டிய தடித்த சதைதான் கடைசியாக ஆறும். அதனால் அதுவே முதலில் கெடும்.

நம் முன்னோருக்கு இது தெரிந்தே இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கூறு கறியைத் தேக்கு இலையிலும் பனையோலையிலும் பொதிந்து கொடுத்தார்கள். இலைப் பொதியில் காற்று உள்ளே போய்வர இடமிருந்தது, கறி அவியவில்லை. குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் இதே வேலைக்குத் துணிப்பையைப் பயன்படுத்துகிறார்கள். பழைய தலையணை உறையிலிருந்து இன்றைய மெல்லிய நைலான் பைவரை எல்லாவற்றுக்கும் வேலை மூன்றுதான்: காற்றை விட வேண்டும், ஈயைத் தடுக்க வேண்டும், மண்ணும் சருகும் ஒட்டாமல் காக்க வேண்டும்.

இந்தப் பையை நாமே தைத்துக்கொள்ளலாம். வெளுக்காத, சாயம் ஏற்றாத பருத்தித் துணி போதும். நம் ஊரில் மலாய் மொழியில் ‘கைன் பெலாச்சு’ என்று கேட்டால் துணிக்கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ துணி எடுக்கப் போகும்போது தேடிப் பாருங்கள். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு எளிதாக வெளியே போக வேண்டும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவலைபோல் கண் கண்ணாகத் தெரிந்தால் வேண்டாம். ஈ அதன்மேல் உட்கார்ந்தே கறியில் முட்டையிட்டுவிடும். வெளிர் நிறமாக இருந்தால் அழுக்கும் இரத்தக்கறையும் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரு முழுத் தொடைக்கு 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் இருக்கட்டும். இரண்டு, மூன்று கிலோவுக்கு 30க்கு 40 செ.மீ. போதும். ஓரங்களில் இரட்டைத் தையல் போட்டு, வாயில் சுருக்குக் கயிறு கோத்துவிடுங்கள். முதல்முறை பயன்படுத்துமுன் வெந்நீரில் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள். கறி அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. குளிர்நாட்டில் கறியைத் துணிப்பையில் இட்டு இரவெல்லாம் மரத்தில் தொங்கவிடுகிறார்கள். அங்கே இரவுக் குளிரே குளிர்பதனப்பெட்டி. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவிலும் வெப்பம் 24 பாகையை ஒட்டியே இருக்கும். பகலில் 32, 33. காற்றிலும் ஈரம் அதிகம். சமைக்காத இறைச்சி வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக்கூடாது, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே இங்கே துணிப்பை கறியைக் காப்பாற்றும் இடமல்ல. ஐஸ் பெட்டிவரை கொண்டுசேர்க்கும் வாகனம், அவ்வளவே.

வேட்டைக்குப் போகும்போதே ஐஸ் பெட்டியும் கூடப் போக வேண்டும். கறியை நிழலில், தண்ணீர் படாமல், சிறு துண்டங்களாகப் பிரித்துப் பையில் இடுங்கள். துண்டம் சிறிதானால் சூடு விரைவில் இறங்கும். தண்ணீரைப் போத்தல்களில் உறையவைத்து எடுத்துப் போனால், ஐஸ் உருகினாலும் கறி நனையாது. பெட்டியின் அடியில் ஒரு கம்பித்தட்டு போடுங்கள். கறி நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடிய டப்பாவுக்கோ நெகிழிப்பைக்கோ மாற்றலாம். நெகிழிப்பையைத் தவிர்க்க வேண்டியது கறி சூடாக இருக்கும்போதுதான்.

வேட்டைக்கே போகாத குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தீபாவளிக்கு முன்தினம் விடியற்காலையில் ஆட்டிறைச்சி வாங்கி, நெகிழிப்பையோடு காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு, பூ, பழம், பலகாரம் என்று நான்கு கடை ஏறி இறங்குகிறோம். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு வெளியே இருப்பதைவிட அதிகம். கறியைக் கடைசியில் வாங்குங்கள், அல்லது ஐஸ் பெட்டியைக் காரிலேயே வைத்திருங்கள்.

காட்டுப்பன்றி விஷயத்தில் இன்னும் மூன்று. ஒன்று, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாட பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். பங்கு வாங்குமுன் இதைக் கேட்பதில் வெட்கம் எதற்கு? இரண்டு, காட்டு விலங்குகளின் சதையில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். அதன் சில வகைகள் உறைகுளிரிலும் சாவதில்லை. கறியின் நடுப்பகுதி 71 பாகையைத் தொடும்வரை வேகவேண்டும். மூன்று, 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதிசெய்யப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது; ஆனால் இரத்தம் பட்ட பையும் கத்தியும் செருப்பும் அதைப் பன்றிப் பண்ணைவரை சுமந்து போகும். பண்ணை வைத்திருப்பவரின் பிழைப்பே அதில் போய்விடும்.

அதனால் வீடு திரும்பியதும் முதல் வேலை பையைத் துவைப்பது. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் இரத்தக்கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம், கொதிநீர், நல்ல வெயில். நன்றாக உலர்ந்த பின் மடித்து, ‘இறைச்சிக்கு மட்டும்’ என்று எழுதி வையுங்கள். மறந்துபோய்க்கூட அதில் காய்கறி வாங்கி வந்துவிடாதீர்கள்.