மருமகனுக்கு வந்த மகுடம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் இருக்கும் சுந்தரபாண்டியம் என்ற ஊரின் பெயரைக் கேட்டதும் பாண்டிய மன்னர்களின் நினைவு எழுகிறதேயன்றி, அந்த வம்சம் தளர்ந்தபின் இந்தச் சீமைக்கெல்லாம் தலைநகரான மதுரையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சுல்தான்கள் அரசு செலுத்தினார்கள் என்பதும், அவர்களுக்கும் மனைவியரும் மக்களும் இருந்தார்கள் என்பதும் நம்மில் பலருக்கு நினைவு வருவதில்லை. படையெடுப்புகளைப் பக்கம் பக்கமாக வருணித்த சரித்திராசிரியர்கள் அந்த அந்தப்புரத்தின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. அங்கே வாழ்ந்த பெண்களைப் பற்றி இரண்டொரு வரியேனும் எழுதிவைத்தவர் மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா ஒருவரே. அவரும் 1344-ஆம் ஆண்டில் விருந்தாளியாக வந்தவர்தாம் என்றாலும், அந்தக் குடும்பத்தோடு அவருக்கு நெருங்கிய உறவு இருந்தது.

அந்த உறவு வந்த வழி இது. டில்லிச் சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் பிரதிநிதியாகத் தென்னாட்டை நிர்வகித்த ஜலாலுதீன் அசன் ஷா, 1335-ஆம் ஆண்டளவில் டில்லிக்குக் கட்டுப்பட மறுத்து மதுரையில் தானே சுல்தானானான். அவனுடைய மகள்களில் ஒருத்தி ஹூர்நசப்; அவளை இபின் பதூதா டில்லியில் விவாகம் செய்துகொண்டார். இன்னொருத்தியை மணந்தவன், பின்னர் மதுரைச் சிம்மாசனம் ஏறிய கியாசுதீன் தாமகானி. ஆக, யாத்திரிகரும் சுல்தானும் சகலபாடிகள்.

இந்தக் கியாசுதீன் அரச குலத்தில் பிறந்தவன் அல்லன். டில்லியில் ஒரு பிரபுவின் கீழ்ச் சேவகம் செய்த குதிரை வீரன். அசன் ஷா கொலையுண்டபின் பட்டமேறிய உதௌஜி ஓராண்டில் போர்க்களத்தில் அம்பு பட்டு மாண்டான். அவனை அடுத்து வந்தவன் அவனுடைய மருமகன் குத்புதீன். அவனை நாற்பது நாளில் தீர்த்துவிட்டார்கள். பிறகு கியாசுதீன் அரசனாகி, முதல் சுல்தானின் மகளை மனைவியாக்கிக்கொண்டான். தந்தைக்குப் பின் மகன் என்ற முறை வேரூன்றாத இந்த ராஜ்யத்தில், வாளால் பிடித்த ஆசனத்துக்கு ஒரு நியாயம் கற்பிக்க வேண்டுமானால், முந்தைய சுல்தானின் மகளுடைய கையைப் பற்றுவதே அகப்பட்ட வழியாக இருந்தது. அரசன் மனைவி என்பவள் அங்கே இல்லறத் துணைவி மட்டும் அல்லள். அவள்தான் பட்டத்துக்குப் பத்திரம். அந்தப் பத்திரத்தில் அவளுடைய பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

கடல் கடந்தும் இதே கணக்குத்தான் நடந்தது. அந்நாளில் மாலத்தீவை ஆண்டவள் கதீஜா என்ற அரசி; வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கத்தில் அவள் பெயரையே சொல்லி வாழ்த்தினார்கள். அங்கே நீதிபதியாக இருந்துவிட்டு மனஸ்தாபத்துடன் புறப்பட்டு வந்த இபின் பதூதா, அத்தீவுகளின்மேல் படை அனுப்பும்படி கியாசுதீனுக்கு யோசனை சொன்னார். அரசியின் தங்கையைச் சுல்தானுக்காக நிக்காஹ் பேசி முடிக்கும் அதிகாரமும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது! மூன்று மாதத்துக்குக் கப்பல் போக இயலாது என்று கடற்படைத் தலைவன் சொல்லிவிட்டதால் காரியம் நின்றது. மதுரையில் இருந்த மனைவியை இதுபற்றி யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், கேட்கவேண்டிய அவசியமே இஸ்லாமியச் சட்டத்தில் இல்லை. நான்கு மனைவியர் வரை மணந்துகொள்ள ஆணுக்கு அனுமதி உண்டு. மஹர் என்னும் மணக்கொடை மனைவிக்கே சொந்தம் என்று அதே சட்டம் வகுத்திருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்; அக்காலத்து உலகில் அது அற்பமான உரிமை அன்று.

அந்தப் பெண்கள் எப்படி வளர்க்கப்பட்டார்கள் என்பதை ஹூர்நசப்பைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். அவள் இரவில் எழுந்து தொழும் பக்தியுடையவள் என்றும், அவளுக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும் கணவர் குறித்திருக்கிறார். வேதத்தை ஓத எழுத்தறிவு வேண்டும் என்று கருதிய குடும்பம், பெண்ணின் கையில் எழுதுகோலைக் கொடுக்க அவசியம் காணவில்லை போலும். அவளுடைய சகோதரன் இப்ராகீமோ டில்லி அரசவையில் காகிதத்துக்கும் எழுதுகோலுக்கும் பொறுப்பாளனாக இருந்தவன்! தந்தை மதுரையில் கலகம் செய்ததை ஒட்டி அந்த மகனுக்குத் துக்ளக் மரண தண்டனை விதித்தான். மணமான பெண்ணுக்குத் தகப்பன் வீட்டு அரசியல் எவ்வளவு அருகில் வந்து நின்றது என்று பாருங்கள்.

கியாசுதீன் கொடியவன். காட்டில் பிடிபட்ட இந்துக்களின் மனைவியரையும் குழந்தைகளையும் அவன் கொல்லச் செய்ததைக் கண்ட இபின் பதூதா, வேறு எந்த அரசனிடமும் காணாத கொடுமை இது என்று வெறுத்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவன் மதுரைக்குத் திரும்பியபோது நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. தாயும் மனைவியும் மகனும் படுக்கையில் கிடந்தார்கள். அரண்மனை மண்டபத்தருகே, நெல் குத்தக் கொண்டுவந்த நூற்றுக்கணக்கான பணிப்பெண்கள் நோயுற்று வெயிலில் விழுந்து கிடந்ததையும் யாத்திரிகர் கண்டார். முந்தைய சுல்தானிடம் மந்திரியாக இருந்த ஒருவரின் மனைவி, எட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு இபின் பதூதாவிடம் வந்து தன் வறுமையைச் சொல்லி உதவி பெற்றுச் சென்றாள். மறுநாளே அவள், இறந்துபோன அந்த மகனை அடக்கம் செய்யக் கபன் துணி கேட்டு வந்து நின்றாள். ஆட்சி மாறினால் மந்திரியின் வீட்டுக்காரி கையேந்துவதற்கு அதிக காலம் ஆகாது.

சுல்தானின் மகனும் பிழைக்கவில்லை, கியாசுதீனும் விரைவில் மாண்டான். அவனுடைய சகோதரன் மகன் நாசிருதீன் பட்டமேறிச் செய்த முதற் காரியங்களில் ஒன்று, கியாசுதீனின் மருமகனைக் கொன்றுவிட்டு, விதவையான அந்த மகளைத் தானே மணந்துகொண்டது. கொல்லப்பட்டவன் நாசிருதீனுக்கு அத்தை மகன்.

இந்தச் சுல்தான்களை வென்ற விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி, கணவனின் மதுரைப் படையெடுப்பை ‘மதுரா விஜயம்’ என்ற சம்ஸ்கிருத காவியமாகப் பாடினாள். எழுதுகோல் பிடித்த ராணியின் பெயர் நமக்குக் கிடைத்தது. மதுரைச் சுல்தான்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், பட்டியலில் உள்ள பெயர்களுக்கு இடையில் மருமகன் முறையில் வந்தவன் யார், முந்தைய சுல்தானின் மகளை மணந்தவன் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பெண்களின் இடம் மாணவர்களுக்குத் தானே விளங்கும்.