கடலுக்குச் சாட்சி கூறும் முள்ளெலி

தரையில் வாழும் முள்ளெலி அஞ்சிச் சுருண்டு கிடப்பதுபோலத் தோற்றமளிக்கும் பிராணி ஒன்று கடலடியில் உண்டு. ஆதலால் அதனைக் கடல் முள்ளெலி என்பர். நட்சத்திர மீனுக்கும் கடலட்டைக்கும் இது நெருங்கிய உறவு. தலையென ஒன்றில்லை, பாறையிற் படர்ந்த பாசியை ஐந்து பற்களாற் சுரண்டித் தின்று காலங்கழிப்பது. இச்சிறு பிராணி கடல்நீரின் தூய்மைக்குச் சாட்சி கூறுகின்றதென்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

இத்தகைய சாட்சியின் அருமையை யப்பானியர் நன்கறிவர். அந்நாட்டின் மினமாட்டா விரிகுடாவில் இரசாயனத் தொழிற்சாலையொன்றின் கழிவு கலந்தது. அதிலிருந்த இரசச் சேர்வை மீன்களின் உடலிற் சேர்ந்தது. அம்மீன்களைத் தின்ற பூனைகள் வலிப்புக் கண்டு மாண்டன. 1956ஆம் ஆண்டில் மக்களிடையே தோன்றிய நோயும் வெளிப்பட்டது. கைகால் தளர்ந்தோரும், பார்வை குன்றியோரும், கருவிலேயே நஞ்சு தீண்டப்பெற்ற குழந்தைகளும் பலர்.

முட்டையின் மொழி

1971ஆம் ஆண்டில் கொபயாஷி என்னும் யப்பானிய ஆய்வாளர், முள்ளெலியின் கருக்கட்டிய முட்டைகளைக் கொண்டு கடல் மாசினை அறியும் முறையைப் பற்றி எழுதினார். ஏன் முள்ளெலி? அது தன் முட்டையையும் விந்தணுவையும் வெறுங் கடலிலேயே விட்டுவிடுகின்றது. கருக்கட்டலும் வளர்ச்சியும் நீரிலேயே நிகழ்கின்றன. தாயின் காவலோ, தடித்த ஓடோ இல்லாத அவ்வுயிரை நீரிலுள்ள கேடு உடனே தாக்கும்.

ஆய்வுகூடத்தில் முள்ளெலியின் உடலுட் சிறிது பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசலைச் செலுத்துவர். முட்டைகளும் விந்தணுக்களும் வெளிவரும். அவற்றைத் தூய கடல்நீரிலும், சோதிக்கவேண்டிய நீரிலும் தனித்தனியே சேர்ப்பர். கருக்கட்டிய முட்டையைச் சுற்றிச் சில நிமிடங்களுள் மெல்லிய சவ்வு எழும். அதனை நுணுக்குக்காட்டியிற் பார்த்து எண்ணிவிடலாம். இரண்டு மூன்று நாட்களில் அது கைகள் நீண்ட கண்ணாடி போன்ற குடம்பியாகும். செம்பு முதலிய உலோகங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பினும் சவ்வு எழாது. அன்றேற் குடம்பி கோணலாய் வளரும்.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. தீங்கு உண்டென்று முட்டை சொல்லும். நஞ்சின் பெயரைச் சொல்லாது. மீனின் உடலிற் சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சை அளக்க வேறு சோதனைகள் வேண்டும். ஆயினும், விரைவும் சிக்கனமும் கருதி இன்று பல நாடுகள் இம்முறையைக் கையாளுகின்றன.

விதையும் அதுவே

யப்பானில் முள்ளெலியின் உள்ளேயுள்ள ஐந்து செம்மஞ்சட் கதுப்புகள் விலையுயர்ந்த உணவு. அதனால் அங்கே குஞ்சு பொரிப்பகங்களில் குடம்பிகளுக்கு நுண்பாசி ஊட்டி வளர்த்துக் கடலில் விடுகின்றனர். சில கரைகளிலோ முள்ளெலிகள் பெருகிக் கடற்பாசியை முற்றாகத் தின்றுவிட்டுத் தாமும் உள்ளீடின்றிக் கிடக்கின்றன. கனகாவா மாகாணத்து மீன்பிடி ஆய்வு நிலையத்தார் அத்தகையவற்றைப் பிடித்து, சந்தைக்கு உதவாத கோவா இலைகளை ஊட்டினர். வெறும் ஓடாயிருந்தவை சில மாதங்களிற் கொழுத்தன!

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆய்வாளனுக்குச் சாட்சியாகும் குடம்பிதான் வளர்ப்பவனுக்கு விதையுமாகின்றது. நீர் கெட்டால் இருவருக்கும் அது ஒரே செய்தியையே சொல்லும்.

அச்செய்தியைக் கேட்டு நடப்பதுதான் அரிது. மினமாட்டாவில் நோய் வெளிப்பட்டது 1956இல். தொழிற்சாலைக் கழிவே காரணமென அரசாங்கம் அறிவித்ததோ 1968இல். பன்னிரண்டு ஆண்டுகள் மனித உடலே சாட்சி கூறியும் கேட்பாரில்லை. முட்டையின் சாட்சி சில நாட்களிற் கிடைத்துவிடும். அதன்பின் வீணாகும் ஒவ்வொரு நாளுக்கும் மனிதரே பொறுப்பாளிகள் என்பதை நாம் மறத்தலாகாது.