மடிப்பில் பிறக்கும் வடிவங்கள்: தொடக்கநிலை வடிவியல் கற்பித்தலில் காகித மடிப்பின் இடம்

திறவுச்சொற்கள்: காகித மடிப்பு, மழலையர் கல்வி, வடிவியல், ஃபிரோபல், சுந்தர ராவ்

வடிவத்தின் பெயரை அறிவது வேறு. வடிவத்தை அறிவது வேறு. அடிப்பக்கம் கிடையாக அமைந்த முக்கோணத்தை உடனே இனங்காணும் குழந்தை, அதனையே தலைகீழாகக் காட்டினால் தயங்குவதுண்டு. முனையில் நிற்கும் சதுரத்தைச் சதுரமென ஏற்க மறுப்பதும் பரவலாகக் காணப்படுவதே. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே இணையர் 1957இல் முன்வைத்த வடிவியல் சிந்தனைப் படிநிலைகளில் இது முதற்படியாகும். இப்படியிலுள்ள குழந்தை வடிவத்தை அதன் முழுத்தோற்றத்தால் அறிகிறதேயன்றிப் பக்கம், கோணம் ஆகிய பண்புகளால் அறிவதில்லை. அடுத்த படிக்கு உயர்வது வயதைவிடக் கற்பித்தலையே பெரிதும் சார்ந்தது என்பது அவர்தம் கருத்து.

எனவே, எவ்வகை விளையாட்டு பண்புகளைப் புலப்படுத்தும் என்ற வினா எழுகிறது. வகுப்பறைகளில் வழங்கும் நெகிழி வடிவங்கள் பெயர் சொல்லவும் வகைப்படுத்தவும் உதவும். ஆனால் அவை முடிந்த பொருள்கள். சதுரம் ஏன் சதுரமாயிற்று என்பதை அவை சொல்வதில்லை. காகித மடிப்பில் அவ்வடிவத்தைக் குழந்தையே ஆக்குகிறது.

மழலையர் பள்ளி முறையை உருவாக்கிய ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் ஃபிரோபல், பந்து, உருளை, கனசதுரம் முதலிய விளையாட்டுப் பொருள்களைக் ‘கொடைகள்’ என அழைத்தார். அவர்வழி வந்த மரபில் காகித மடிப்பும் இடம்பெற்றது. டி. சுந்தர ராவ் 1893இல் சென்னையில் வெளியிட்ட காகித மடிப்பு வடிவியல் நூலுக்கு அம்மரபின் எட்டாம் கொடையே தூண்டுதலாயிற்று என்று அவரே முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைச் சுட்டிய பின்னரே மேலைநாடுகளில் இது கவனம் பெற்றது; 1901இல் சிகாகோவிலும் பதிப்பிக்கப்பட்டது. இது மழலையருக்கான நூலன்று. எனினும் இதன் தொடக்கப் பகுதியை ஐந்து வயதுக் கைகளும் பின்பற்றலாம்.

ஓரம் ஒழுங்கற்ற தாளை மடித்து அழுத்தினால் நேர்கோடு கிடைக்கிறது. அக்கோட்டின் ஒரு பகுதி மறுபகுதியின்மேல் பொருந்துமாறு மீண்டும் மடித்தால் செங்கோணம் உருவாகிறது. இவ்வாறே தொடர்ந்து செவ்வகம் அமைத்து, அதன் குறும்பக்கத்தை நெடும்பக்கத்தின்மேல் படியச் செய்து, எஞ்சியதை நீக்கினால் சதுரம். பக்கங்கள் சமம் என்பதை இங்கு அளவுகோல் அன்று, ஒன்றன்மேல் ஒன்று படிந்த விளிம்புகளே மெய்ப்பிக்கின்றன.

அடுத்த மடிப்பு இன்னும் பயனுடையது. சதுரத்தின் நான்கு முனைகளையும் மையத்தில் சேர்த்தால், நான்கு முக்கோண மடல்களும் இடைவெளியின்றி ஒரு சிறிய சதுரத்தை மூடுகின்றன. அதன் பரப்பு முன்னதில் சரிபாதி. ‘பரப்பு’ என்ற சொல்லை அறியாத குழந்தையும் மடல்களைத் திறந்து மூடி இதனைக் காண இயலும். தாளை விரித்தால் அச்சிறு சதுரத்தின் மடிப்புக்கோடுகள் பெரிய சதுரத்தினுள் முனையில் நிற்கின்றன. குழந்தை சதுரமென ஏற்க மறுத்த அதே நிலை, இப்போது அதன் கைவினையாகவே முன்னிற்கிறது.

‘முக்கோணம்’ என்னும் பெயரிலேயே முனைகளின் எண்ணிக்கை உண்டு. ‘சதுரம்’ தமிழ்க் குழந்தையின் செவிக்கு அத்தகைய குறிப்பெதனையும் தருவதில்லை. ஆகவே ‘எந்த ஓரம் எதன்மேல் படிந்தது?’ என்ற ஆசிரியரின் வினா இன்றியமையாதது. நேர்த்தி கருதி ஆசிரியரே மடித்துக் கொடுப்பின் இம்முறையின் பயன் அற்றுப்போகும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மடிப்பு தருவது நேர்கோட்டை மட்டுமே. தட்டைக் கவிழ்த்து வரைந்து வெட்டிய வட்டத்தாளை இரு வேறு திசைகளில் பாதியாக மடித்தால், கோடுகள் வெட்டுமிடத்தில் மையம் கிடைக்கும். ஆயின் அவ்வட்டத்தை மடிப்பு தரவில்லை, தட்டே தந்தது.