செகாரிக் காற்றும் செம்பனை வெளியும்

பேராக் கடற்கரையில், லூமுட்டுக்கு வடக்கே செகாரியில் நிற்கும் மின்நிலையம் இயற்கை எரிவாயுவில் இயங்குவது. 1990களில் எழுந்தது, 1,303 மெகாவாட் திறன் உடையது. அதன் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பவர்க்குப் புகை தென்படாது; வாய்க்கு மேலே வெப்பக்காற்று நெளிவதே தெரியும். தெற்கே மஞ்சோங்கின் நிலக்கரி நிலையத்தோடு ஒப்பிட்டால் இது தூயது என்பதில் ஐயமில்லை. சாம்பல் கிடையாது, கந்தக ஈராக்சைடு பெயரளவுக்கே, ஓர் அலகு மின்சாரத்துக்கு வெளிப்படும் கரியமில வாயுவும் ஏறக்குறையப் பாதி. ஆயினும் மாசு ஒன்று வெளியேறத்தான் செய்கிறது.

அது எரிபொருளின் குற்றமன்று; எரிப்பதற்கு உள்ளிழுக்கும் காற்றிலிருந்தே பிறக்கிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரசன். அதன் இரண்டு அணுக்களும் இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் எதனோடும் சேராது. சுடரின் வெப்பம் ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசைக் கடந்ததும் அப்பிணைப்பு அறுபட்டு, நைட்ரசன் உயிர்வளியோடு கூடி நைட்ரிக் ஆக்சைடாகும். இவ்வினையின் படிகளை 1940களில் வகுத்துரைத்தவர் சோவியத் அறிஞர் யாக்கோவ் செல்தோவிச். பொறியாளர்க்கு இங்கே ஓர் இக்கட்டு. சூடு ஏற ஏறச் சுழலியின் திறன் கூடும். நைட்ரிக் ஆக்சைடு அதைவிட விரைந்து கூடும். சூட்டைத் தணித்தாலோ எரிதல் முற்றுப்பெறாமல் கரி ஓராக்சைடு தலைகாட்டும். எரிவாயுவை மிகுந்த காற்றோடு முன்பே கலந்து எரிப்பதும், வெளியேறும் வளியில் அம்மோனியா தெளித்து வினையூக்கி வழியே செலுத்துவதும் இதற்குக் கண்ட வழிகள்.

புகைபோக்கியை விட்ட பின் நடப்பது இன்னும் நுட்பமானது. நிலையத்தின் அருகே ஓசோன் கூடுவதில்லை, குறைகிறது. நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை உண்டு நைட்ரசன் ஈராக்சைடாகிறது; வெயில் அதை உடைக்க, விடுபட்ட உயிர்வளி அணு மீண்டும் ஓசோனைப் படைக்கிறது. இவ்வளவோடு நின்றால் வரவும் செலவும் நேராகிவிடும். இடையில் கரிம ஆவிகள் புகுந்தால், அவை நைட்ரிக் ஆக்சைடை ஓசோனின் துணையின்றியே ஈராக்சைடாக்கிவிடுகின்றன. செலவு நின்று வரவு மட்டும் தொடர, ஓசோன் குவிகிறது. நுரையீரலை அரிப்பதும், இலைத்துளை வழியே நுழைந்து பயிரைக் கெடுப்பதும் அதுவே.

நகரத்தில் அந்த ஆவிகளை வண்டிகள் தருகின்றன. சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் அவற்றைத் தருவது மரம். நம் முன்னோர் விடியலில் பால்மரம் சீவிய தோட்டங்கள் பல இன்று செம்பனை. ரப்பர் என்பதே ஐசோப்பிரீன் அலகுகள் கோத்த சங்கிலி. பால்மரம் அதைப் பட்டைக்குள் பாலாக வைத்துக்கொள்கிறது. அதன் இலை விடும் ஆவி வேறு இனம். செம்பனையோ ஐசோப்பிரீனையே காற்றில் விடுகிறது, வெயிலும் வெக்கையும் ஏற ஏற மிகுதியாக. கடற்காற்று நிலத்துக்குள் நுழைவதும் அந்தப் பகல் வேளையில்தான்.

2008இல் சபாவில் பிரிட்டன் அறிஞர் குழுவொன்று இதை அளந்து, மறு ஆண்டு வெளியிட்டது. செம்பனைத் தோட்டம் மழைக்காட்டைவிடப் பன்மடங்கு ஐசோப்பிரீன் விட்டது. நைட்ரசன் ஆக்சைடுகள் அங்கே குறைவாக இருந்ததால் ஓசோன் ஏறவில்லை. அவை ஐரோப்பிய, வட அமெரிக்க நாட்டுப்புற அளவுக்கு உயர்ந்தால், ஓசோன் நூறு கோடிப் பங்கில் 100 பங்கை எட்டும் என்பது அவர்கள் கணிப்பு. தோட்டத்துக்கு இடும் நைட்ரசன் உரமும் இக்கணக்கில் சேரும். சபாவின் எண்களை அப்படியே பேராக்கின்மேல் ஏற்றுவது முறையன்று. எனினும் கரையில் ஆக்சைடு, உள்நாட்டில் ஐசோப்பிரீன், இரண்டையும் கலக்கும் கடற்காற்று என மூன்றும் கூடிய நிலத்தில் புகைபோக்கியின் வாயை மட்டும் அளப்பது அரைக்கணக்கு என்பேன்.

சுற்றுச்சூழல் துறையின் அளவீட்டு நிலையங்கள் செரி மஞ்சோங்கிலும் ஈப்போவிலும் உள்ளன. நாம் கைப்பேசியில் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, ஆறு மாசுகளுள் மிகுந்து நிற்கும் ஒன்றன் எண். சுமத்திராவின் புகைமூட்டம் சூழும் மாதங்களில் அவ்வெண் நுண்துகளுடையது. ஓசோன் அதன் பின்னே மறைந்துவிடும். புகைமூட்டமற்ற தெளிந்த நாள்களின் பிற்பகல் ஓசோனைத் தனியே எடுத்து, கடற்காற்றின் திசையோடு வைத்துப் பார்த்தால், செகாரியின் பங்கு எவ்வளவு, செம்பனையின் பங்கு எவ்வளவு என்பது பிரிந்து தெரியத் தொடங்கும்.