நரம்பிழைப் புரத எதிர்ப்பொருள்களின் தனித்தன்மையும் சரிபார்ப்பும்

ஆய்வுச்சுருக்கம்

நரம்பணுச் சட்டகப் புரதங்களை இனங்காண எதிர்ப்பொருள்கள் பயன்படுகின்றன. எதிர்ப்பொருள் முழுப் புரதத்தையும் அறிவதில்லை; அதன் சிறு பகுதி ஒன்றையே அறிகிறது. அப்பகுதி வேறு புரதத்திலும் அமைந்திருந்தால் ஆய்வு முடிவு பிழைபடும். இதனை எஸ்எம்ஐ-31, எஸ்எம்ஐ-32 ஆகிய எதிர்ப்பொருள்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நரம்பிழைப் புரதம், எதிர்ப்பொருள், பாஸ்பேட் ஏற்றம், டௌ புரதம், சரிபார்ப்பு

முன்னுரை

தமிழகத்தில் மூளைத் திசு ஆய்வு வளர்ந்து வருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட ‘தரணி’ கருமூளை வரைபடத் தொகுப்பு 5,132 திசு வெட்டுகளைக் கொண்டது. பாரதியார் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளும் அமைந்துள்ள கோவையில் இத்துறையில் நுழையும் ஆய்வாளர், தாம் வாங்கும் எதிர்ப்பொருள் எதனை அறிகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

நரம்பிழையின் அமைப்பு

நரம்பிழையின் முதன்மைக் கூறுகள் மூன்று. மின்புலப் பிரிப்பில் அவை ஏறத்தாழ 68, 160, 200 கிலோடால்டன் அளவில் தோன்றுகின்றன. மிகப்பெரிய கூற்றின் வால்பகுதியில் லைசின்–செரின்–புரோலின் என்னும் தொடர் நாற்பது முறைக்கு மேல் வருகிறது. அத்தொடரிலுள்ள செரினில் பாஸ்பேட் ஏறுகிறது. நரம்பிழைநாரில் இவ்வேற்றம் மிகுதி. அணுவுடலிலும் கிளையிழைகளிலும் குறைவு.

இரு எதிர்ப்பொருள்கள்

1983இல் ஸ்டெர்ன்பெர்கர் இணையர் இவ்வேறுபாட்டைப் பிரித்தறியும் ஒற்றைப்படி எதிர்ப்பொருள்களை விவரித்தனர். எஸ்எம்ஐ-31 பாஸ்பேட் ஏறிய வடிவத்தையும், எஸ்எம்ஐ-32 ஏறாத வடிவத்தையும் அறிகின்றன. எனவே ஒரு திசுவில் எஸ்எம்ஐ-32 சாயம் குறைந்தால் புரதமே குறைந்தது என உடனே முடிவு செய்தல் ஆகாது. பாஸ்பேட் ஏறியதால் பிணைப்புத்தளம் மறைந்திருக்கவும் கூடும்.

டௌ புரதம் தந்த பாடம்

1980களில் நரம்பிழை எதிர்ப்பொருள்கள் சில அல்சைமர் மூளையின் இழைச்சிக்கல்களில் படிந்தன. அதனால் அச்சிக்கல்களில் நரம்பிழைப் புரதம் உள்ளது எனக் கருதப்பட்டது. 1987இல் நுக்கினா, கோசிக், செல்கோ ஆகியோர் அப்படிவு டௌ புரதத்துடன் நிகழ்ந்த குறுக்குவினை எனக் காட்டினர். டௌ புரதத்திலும் லைசின்–செரின்–புரோலின் தொடர் உண்டு; அதில் பாஸ்பேட் ஏறும்போது எதிர்ப்பொருளுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன.

சரிபார்ப்பு

முதலாவதாக, வெஸ்டர்ன் பிளாட் முறையில் பட்டை உரிய நிறையளவில் தோன்றுகிறதா எனக் காணல் வேண்டும். டௌ புரதத்தின் பட்டைகள் ஏறத்தாழ 45 முதல் 70 கிலோடால்டன் வரை அமைவதால், 200 கிலோடால்டன் பட்டையிலிருந்து எளிதில் வேறுபடும். இரண்டாவதாக, மாதிரியின் ஒரு பகுதியை ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியால் வினைப்படுத்தினால் எஸ்எம்ஐ-31 பிணைப்பு குறைதல் வேண்டும். மூன்றாவதாக, முதல்நிலை எதிர்ப்பொருள் இடாத வெட்டு ஒன்றை உடன்வைத்தல் வேண்டும். இவ்விரண்டும் சுண்டெலியில் உருவானவை என்பதால், சுண்டெலித் திசுவில் இரண்டாம்நிலை எதிர்ப்பொருள் அத்திசுவின் சொந்த எதிர்ப்பொருளோடும் பிணையும். மேலும், இறப்பிற்குப் பின் நொதிகளால் பாஸ்பேட் நீங்கக்கூடும். ஆகவே திசு ஃபார்மலினில் இடப்பட்ட நேரத்தைப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

முடிவுரை

எதிர்ப்பொருளின் பெயரை மட்டும் குறிப்பிடும் ஆய்வேடு பிறரால் மீளச் செய்ய இயலாதது. குளோன் பெயர், தொகுதி எண், நீர்த்தல் அளவு, சரிபார்ப்பு முடிவு ஆகிய நான்கும் இடம்பெறும்போதே சாயம் சான்றாகிறது.